பாதாமை எடுத்துவிட்டுச் சீத்தா வைத்தேன்

சங்கரன்கோவில் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டில் ஒரு நாட்டு பாதாம் மரம் நின்றது. நல்ல நிழல்தான். ஆனால் இலை சிவந்து கொட்டும் பருவத்தில் தினமும் கூட்ட வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்க்குழாயும் அடைத்துக்கொள்ளும். ஊரில் இருப்பதே வாரக்கடைசியில்தான், யார் கூட்டுவது? வெட்டிவிட்டோம்.

அந்த இடத்துக்கு முருங்கையைத்தான் எல்லோரும் சொன்னார்கள். கம்பளிப்பூச்சி ஏறும், கிளை காற்றில் முறியும், வருடாவருடம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு அது சரிப்படாது. எலுமிச்சைக்குத் தண்ணீர் தவறக்கூடாது, அதுவும் வேண்டாம்.

கடைசியில் சீத்தா. சரளை கலந்த செம்மண்ணிலும் வரும், ஆடு மாடு இலையைத் தொடாது, வேலி கூடத் தேவைப்படவில்லை. கோடையில் அதுவும் இலை உதிர்க்கும்தான், ஆனால் சின்ன மரம், சுவரைத் தாண்டி விழாது. இரண்டடிக் குழி வெட்டி, தொழுவுரம் போட்டு, ஐப்பசி மழை பிடிக்கும்போது நட்டேன். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்கா வாரம் ஒரு குடம் ஊற்றினார். அடியில் காய்ந்த சருகு மூடாக்கு. அப்புறம் மழைத்தண்ணீரே போதுமாக இருக்கிறது.

பின்பக்கம் ஒட்டு நெல்லி. அதை ஒற்றையாக வைத்தால் காய் குறையும். மகரந்தம் மாற வேறு ரகம் ஒன்று அருகில் வேண்டும். அதனால் காஞ்சன், பி.எஸ்.ஆர். 1 என்ற இரண்டு நெல்லி ரகத்திலும் ஒவ்வொன்று, சுவரிலிருந்து பத்தடி தள்ளி.