முதல் முறையாக மார்கழிக் கச்சேரிக்குப் போகிறீர்களா? இப்படி ஆரம்பியுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் போகும்போதெல்லாம் சபா வாசல்களில் கச்சேரிப் பட்டியல் தொங்குவது கண்ணில் படும், உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றும், அப்புறம் நமக்குத்தான் ராகமும் தெரியாது தாளமும் தெரியாதே என்று வண்டியைக் கிளப்பிவிடுவோம். நானும் பல வருஷம் அப்படிக் கிளப்பிக்கொண்டு போனவன்தான். உள்ளே போக எந்த ராகமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நாலைந்து விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், முதல் கச்சேரியிலேயே கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கலாம். அதை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. மதியக் கச்சேரிக்குப் போங்கள்

எல்லோரும் செய்கிற தவறு, பெயர் கேள்விப்பட்ட பெரிய வித்வானின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் தேடுவது. முதல் கச்சேரிக்கு அது வேண்டாம். சீசனில் ஒரு சபாவில் ஒரே நாளில் மூன்று நான்கு கச்சேரிகள் நடக்கும். மதியம் 12 மணிக்கும் 2 மணிக்கும் ஒட்டி வருபவை பெரும்பாலும் இளம் கலைஞர்களுடையவை, பெரும்பாலான சபாக்களில் அவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது, நேரே உள்ளே போய் உட்காரலாம். அரங்கம் பாதி காலியாக இருக்கும் என்பதால் முன்வரிசைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். பாடுகிறவரின் கை தாளம் போடுவது, மிருதங்கக்காரரின் விரல் விழுவது, வயலின்காரர் பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். புதிதாகக் கேட்பவருக்குப் பாதிப் பாடம் காதில் ஏறுவதற்கு முன்னால் கண்ணில்தான் ஏறுகிறது.

இளம் கலைஞர்கள் என்றதும் ஏதோ பயிற்சிக் கச்சேரி என்று நினைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து வருஷம் கற்றுக்கொண்டு வந்து அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்து பாடுகிற பிள்ளைகள் அவர்கள்.

2. எந்த சபா?

வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. இருந்தாலும் இரண்டு மூன்று இடங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மியூசிக் அகாடமி 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது, மறு வருஷம் அமைப்பாகத் தொடங்கியது. டிசம்பரில் இவ்வளவு கச்சேரிகள் ஏன் என்று கேட்டால் பதில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அகாடமியில் காலையில் நடக்கும் விளக்கவுரைகளுக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அவை ஏற்கெனவே கொஞ்சம் கேட்டுப் பழகியவர்களுக்கானவை, அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1900இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபாதான் இருப்பதிலேயே பழையது. மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவில் நாரத கான சபா, வாணி மகால், கிருஷ்ண கான சபா என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோவில் போய்விடுகிற தூரத்தில் இருக்கின்றன.

பாட்டு தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருந்தால் எனக்கு ஒட்டாது என்பவர்கள் நேரே பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இசை விழா அங்கேதான் நடக்கிறது. முழுக் கச்சேரியும் புரிகிற மொழியில் கேட்பது ஆரம்பத்தில் எவ்வளவு பெரிய உதவி என்று ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரியும்.

3. முதல் நாள் ராத்திரி பத்து நிமிஷம்

ஆதி தாளம் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், போதும். வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. பிறகு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி தட்டு, மறுபடி வீச்சு. மொத்தம் 8. இதைச் சமையலறையிலோ பஸ்ஸிலோ வேகம் மாறாமல் போட்டுக்கொண்டே இருங்கள். வேகம் மாறாமல் என்பதுதான் முக்கியம், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கை ஓடவும் கூடாது இழுக்கவும் கூடாது. கச்சேரியில் கேட்கப்போகிற பாட்டுகளில் கணிசமானவை ஆதி தாளத்தில்தான் இருக்கும். மெதுவான பாட்டு என்றால் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு முறை போடுவார்கள், அதற்கு இரண்டு களை என்று பெயர். குழம்பினால் பாடகரின் கையைப் பார்த்து அப்படியே போடுங்கள்.

ராகங்களில் மோகனத்தை மட்டும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள். ச ரி க ப த என்று ஐந்தே சுரங்கள், சினிமாவிலும் நிறைய வந்திருப்பதால் காதுக்கு ஏற்கெனவே பழக்கமானது. அன்றைக்கு மோகனம் பாடாமலே போகலாம். பாடிவிட்டால் மட்டும், கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

4. அரங்கத்துக்குள்

கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். ஏசி குளிர் கடுமையாக இருக்கும், ஒரு சால்வையோ துண்டோ கையில் இருக்கட்டும். மாலைக் கச்சேரிகளில் முன்வரிசைகள் பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒதுக்கியிருப்பார்கள், டிக்கெட்டில் போட்டிருக்கும் வரிசையைப் பார்த்து உட்காருங்கள். செல்போனை அமைதியில் போடுவதோடு நிறுத்தாமல் பைக்குள்ளே போட்டுவிடுங்கள், இருட்டில் ஒரு திரை ஒளிர்ந்தால் பின்னால் நாலு வரிசைக்குத் தொந்தரவு. சின்ன நோட்டும் பேனாவும் இருந்தால் நல்லது. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பாட்டு முடிந்ததும் இது என்ன ராகம் என்று கேட்டால் பெரும்பாலும் ஆசையாகவே சொல்வார்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

திரை விலகுவதற்கு முன்னால் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்கும். மிருதங்கத்தின் இடப்பக்கம், தொப்பி என்பார்கள், அதில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கும்மென்ற நாதம் அதில்தான் வருகிறது, கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் மிருதங்கக்காரர் நமக்கு இடது பக்கமும் வயலின்காரர் வலது பக்கமும் உட்காருவது வழக்கம். இடது கைக்காரர் வாசித்தால் இது மாறிவிடும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர், பழைய புகைப்படங்களைப் பார்த்தால் அவர் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

5. கச்சேரி எப்படி நகரும்

இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கு உருவம் கொடுத்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். முதலில் பெரும்பாலும் ஒரு வர்ணம், பாட்டும் சுரமும் கலந்து வருவது. பிறகு இரண்டு மூன்று சின்னப் பாட்டுகள். இதெல்லாம் விறுவிறுவென்று போகும். அப்புறம் பாடகர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, வார்த்தையே இல்லாமல், ததரின என்று மெதுவாக இழுக்க ஆரம்பிப்பார். அதுதான் ஆலாபனை. தாளம் கிடையாது, மிருதங்கம் சும்மா இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கழன்றுகொள்வது இங்கேதான், எதுவும் நடக்காத மாதிரி தோன்றும். நடக்கிறது. ஒரு சுரத்தில் நின்று, அதைச் சுற்றி வந்து, கொஞ்சம் மேலே போய், மறுபடி இறங்கி வருகிறார். அவர் குரல் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள், வேறு எதையும் பிடிக்க முயற்சி செய்ய வேண்டாம். அவர் முடித்ததும் வயலின் அதே ராகத்தைத் தன் வழியில் வாசிக்கும். பெரும்பாலும் இவர்கள் ஒத்திகை பார்த்துவிட்டு வருவதில்லை, பாடகர் அன்றைக்கு என்ன எடுக்கப்போகிறார் என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கே மேடையில்தான் தெரியவரும். இதை மனதில் வைத்துக்கொண்டு வயலின்காரரின் முகத்தைப் பாருங்கள்.

பிறகு பாட்டு வரும். அதில் ஒரு வரியை எடுத்து, அதே தாளத்துக்குள் விதவிதமாகத் திரும்பத் திரும்பப் பாடினால் நிரவல். ச ரி க ம என்று சுரங்களை அங்கேயே கோத்துப் பாடி, ஒவ்வொரு முறையும் அதே வரிக்கு வந்து சேர்ந்தால் கற்பனை சுரம். எங்கே சுற்றினாலும் அந்த ஒரு இடத்துக்குச் சரியாக வந்து விழுகிறார்களே, கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் அது நம் உள்ளங்கையிலேயே தெரியும். கைதட்ட வேண்டும் என்று தோன்றினால் தட்டுங்கள். ஆலாபனை முடிந்ததும், சுரம் முடிந்ததும் எல்லோரும் தட்டுவார்கள். ஆஹா என்று வாய்விட்டுச் சொன்னாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

6. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்

நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிற ஒரே விஷயம் இதுதான். பெரிய பாட்டு முடிந்ததும் பாடகர் மிருதங்கத்தைப் பார்த்துக் கையைக் காட்டுவார், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும். அந்த நொடியில் அரங்கில் ஒரு பகுதி எழுந்துவிடும், கான்டீனுக்கு, கழிவறைக்கு, போன் பேச. நான் இரண்டாவதாகப் போன கச்சேரியில் எல்லோரும் எழுந்தார்களே, இடைவேளை போலிருக்கிறது என்று நினைத்து நானும் எழுந்தேன். பக்கத்து சீட்டு மாமி என் கையைப் பிடித்து, "உட்காருப்பா, இனிமேதான் இருக்கு. நான் போடற மாதிரியே தாளம் போடு" என்றார். உட்கார்ந்தேன். அடுத்த பன்னிரண்டு நிமிஷம் அவர் கையையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தாளம் போட்டேன். கச்சேரி கேட்கிறவனாக நான் மாறியது அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில்தான்.

என்ன நடக்கிறது என்றால், முதலில் மிருதங்கம் நிதானமாக ஒரு சுற்று வாசிக்கும். அப்புறம் கடமோ, கையில் பிடித்துத் தட்டும் சின்னத் தோல் வாத்தியமான கஞ்சிராவோ. கடம் என்பது சமையலறைப் பானை போலத் தெரிந்தாலும் அதற்கென்றே கனமாகச் செய்து சுட்டது, மானாமதுரைக் கடத்துக்குத் தனிப் பெயர் உண்டு. இருவரும் மாறி மாறி வாசிக்கும்போது ஒவ்வொருவரின் முறையும் வரவரப் பாதியாகும், மறுபடி பாதியாகும், கடைசியில் நாலு தட்டுக்கு நாலு தட்டு என்று வந்து நிற்கும். இதற்குக் குறைப்பு என்று பெயர். பிறகு இருவரும் சேர்ந்து வேகம் பிடித்து, கோர்வை என்கிற ஒரு நீளமான கணக்கை மூன்று முறை வாசிப்பார்கள். மூன்றாவது முறை முடிகிற இடம் பாட்டு எடுக்கிற இடமாகவே இருக்கும், பாடகர் அங்கே அந்த வரியைப் பிடித்துக்கொள்வார். இத்தனை நேரம் உங்கள் கை தவறாமல் தாளம் போட்டிருந்தால் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். தவறியிருந்தாலும் பரவாயில்லை, விட்ட இடத்தில் பாடகரின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். எப்படியும், ஒரு கலைஞர் அன்றைக்குத் தனியாக வாசிக்கக் கிடைக்கிற ஒரே நேரத்தில் நாம் அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது.

7. அதற்குப் பிறகு

தனி முடிந்தபின் துக்கடாக்கள், அதாவது சின்னச் சின்னப் பாட்டுகள். விருத்தம், திருப்புகழ், பதம், தில்லானா என்று இலகுவாகப் போகும், புதியவர்களுக்கு உடனே பிடிப்பது பெரும்பாலும் இவைதான். கடைசியில் மங்களம். பாட ஆரம்பித்ததும் செருப்பைத் தேடாமல் அது முடியும்வரை உட்காருங்கள், ஒரு நிமிஷம்தான்.

கான்டீனுக்கு இப்போது போகலாம். கச்சேரிக்கு வராதவர்களும் அங்கே சாப்பிடலாம், அடை அவியலோ கீரை வடையோ ஒரு காபியோ. சாப்பிடும்போதே நோட்டை எடுத்து, எழுதிவைத்த ராகங்களில் எது மனதில் நிற்கிறதோ அதற்கு ஒரு கோடு போடுங்கள். வீட்டுக்குப் போய் அந்த ராகத்தில் வேறொருவர் பாடியதை யூடியூபில் கேளுங்கள். அடுத்த கச்சேரியை மூன்று நான்கு நாட்களுக்குள் வைத்துக்கொண்டால் கேட்டது மறக்காது.

ஜனவரி முதல் வாரத்தோடு சென்னையில் கூட்டம் அடங்கிவிடும். அதற்குள் நாலு கச்சேரி கேட்டுவிட்டீர்கள் என்றால் தை மாதத்தையொட்டித் திருவையாறுக்கு ஒருமுறை போய் வாருங்கள். தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று, காவிரிக் கரையில், அவருடைய சமாதிக்குப் பக்கத்தில் பந்தலில் உட்கார்ந்து வித்வான்கள் எல்லோரும் ஒன்றாக அவர் இயற்றிய பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுவார்கள், டிக்கெட் கிடையாது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகம் ஐந்து. தாளம் ஐந்துக்கும் ஆதிதான், பஸ்ஸில் போட்டுப் பழகினீர்களே, அதே தாளம்.