வீட்டு இசை சர்வருக்கு பேக்கப்: காலி ஃபோல்டர் செய்யும் கேடு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் தன் இசை சர்வரைக் காட்டினார். கூடத்தில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி, அதில் செருகிய யூஎஸ்பி டிஸ்க், மாடியறையில் பேக்கப்புக்கென்று இன்னொரு கணினி. "தினமும் இரவு ஆர்சிங்க் ஓடுகிறது அண்ணே" என்றார். ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் நிரல் அது. கட்டளையை வாங்கிப் படித்தேன். வயிற்றைக் கலக்கியது. எழுத்துப் பிசகாமல் நான் முன்பு எழுதிவைத்திருந்த அதே வரி.

காலி ஃபோல்டரை நகலெடுப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா கோயில் திருவிழாக்களில் கேசட்டில் பிடித்த நாகஸ்வரம், ஆயா பாடிய தாலாட்டு எல்லாவற்றையும் தரம் குறையாத ஃபிளாக் ஒலிக்கோப்புகளாக மாற்றினேன். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார்ந்தே ஆகவேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. நாடாக்களில் பூஞ்சை படர்ந்துவிட்டதால் கேசட்டுகளைப் பிறகு எறிந்துவிட்டோம்.

ஒரு மழை இரவில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. சர்வர் மீண்டும் எழுந்தது, டிஸ்க் எழவில்லை. சர்வரின் இயங்குதளமான லினக்ஸில் டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும், அதாவது கணினியோடு பொருந்தாவிட்டாலும், அதைப் பொருத்தும் ஃபோல்டர் காலியாக அங்கேயே இருக்கும். இரண்டு மணிக்கு ஆர்சிங்க் ஓடியது. கட்டளையில் 'டெலீட்' இருந்தது. மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு என்பதுதான் அதற்குப் பொருள். மூலத்தில் ஒரு பாட்டும் இல்லை. நகலில் இருந்த அத்தனையும் நீங்கியது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

காலையில் டிஸ்க்கைக் காதருகே பிடித்தேன். டிக், டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. டிஸ்க் செத்ததால்தான் அது மவுண்ட் ஆகவில்லை. எந்த இரவுக்காக பேக்கப் வைத்தேனோ, அந்த இரவிலேயே அது தன்னைத் துடைத்துக்கொண்டது. ஆயாவின் குரல் இப்போது எங்கேயும் இல்லை. இன்றும் ஆறவில்லை.

ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் டிஸ்க் இருக்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் அங்கேயே நிற்கட்டும். ஆர்சிங்க் கட்டளையில் 'மேக்ஸ்-டெலீட்' 50 என்று வையுங்கள். ஐம்பதுக்கு மேல் ஒரு கோப்பையும் நீக்காது. 'பேக்கப்-டிர்' சேர்த்தால் நீக்கவேண்டியவை அழியாமல் வேறு ஃபோல்டருக்கு நகரும். கட்டளையை மாற்றும்போதெல்லாம் முதலில் 'டிரை-ரன்' (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு, எதை அழிக்கப்போகிறது என்று படியுங்கள்.

ரெய்டு

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ஏற்பாடு. அது பேக்கப் அல்ல.

முதல் நகலை வைஃபையில் எடுப்பது

கேபிளைச் செருகுங்கள். அதுவும் 100 மெகாபிட் இணைப்பென்றால் ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள். கிகாபிட்டில் மூன்று மணி நேரம் போல.

தமிழ்ப் பெயர்கள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. 'கொ' என்பதன் உயிர்க்குறியைக் கணினி எழுத்துமுறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய மேக் டிஸ்க்குகளின் கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் அதைப் பிரித்தே வைக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், ஆர்சிங்குக்கு இரண்டு கோப்புகள். பாதித் தொகுப்பு இரட்டிப்பாகிவிடும். ஆர்சிங்கின் 'ஐகான்வ்' விருப்பம் இதைச் சரிசெய்யும். இன்னொன்று: லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறிக்கும், புள்ளிக்கும்கூட, 3 பைட். ராகம், தாளம், ஊர், கலைஞர் பெயர் எல்லாவற்றையும் பெயரிலேயே திணித்தால் 85 குறிகளில் நின்றுவிடும்.

இரண்டு நகலும் ஒரே வீட்டில்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. ஒரு நகல் நெய்வேலியிலோ விழுப்புரத்திலோ உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

தம்பியின் ஸ்கிரிப்டில் சோதனை வரியைச் சேர்த்தோம். பாட்டை நிறுத்தி, டிஸ்க்கை முறைப்படி கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னேன். தயங்கினார்; ஓட்டினார். 'டிஸ்க் இல்லை' என்று ஒரு வரி காட்டிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றது. மாடிக்கு ஏறிப்போய்ப் பார்த்தோம். நகலில் எல்லாக் கோப்புகளும் இருந்தன.