பழைய 486 பெட்டி கைக்கு வந்துவிட்டதா? கரண்ட் கொடுக்க முன் உள்ளே பாருங்கள்

பழைய கொம்பியூட்டர் ஒன்று கிடைத்தால் உடனே பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் கை போகும். அதை ஒரு பின்னேரத்துக்குத் தள்ளி வையுங்கள். அலுவலக ஏலத்தில் எடுத்ததோ, வெளிநாடு போனவர்கள் சாமான் அறையில் விட்டுப்போனதோ, திருகோணமலையில் கிடைக்கும் பெட்டி உப்புக் காற்றைக் கனகாலம் குடித்திருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்றால் ஸ்க்ரூ தலைகளே கறள் பிடித்துத்தான் இருக்கும்.

இங்கே எழுதுவது 486 என்ற சிபியு (கணக்குகளைச் செய்யும் முக்கிய சிப்) இருந்த காலத்துப் பெட்டிகளைப் பற்றி, அதாவது 90களின் முதல் பாதி. அதற்கு அடுத்து வந்த ஆரம்பப் பென்டியத்துக்கும் முக்கால்வாசி பொருந்தும். பெட்டியைக் கழற்றுவது எப்படி என்றெல்லாம் விளக்கப்போவதில்லை. ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவர், மெல்லிய பெயின்ட் பிரஷ், போன், கொப்பி போதும். பூதக்கண்ணாடி தேவையில்லை. சிப்பின் மேல் டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்து போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் மங்கிய எழுத்தும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காலத்துப் பெட்டிகளில் முன்பக்க பவர் சுவிட்சுக்கே 230 வோல்ட் நேரடியாக வருகிறது. சுவிட்ச் ஓஃபில் இருந்தாலும் அந்த வயரில் கரண்ட் இருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பின்பக்கத்துச் சிறிய சிவப்பு சுவிட்ச் 115இல் இருந்தால் 230க்கு மாற்றிவிடுங்கள்.

பற்றரி

கீபோர்ட் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீலம் அல்லது பச்சை உறை போட்ட சிறிய உருளை இருக்கிறதா? அதுதான் 3.6 வோல்ட் நிக்கல் கட்மியம் பற்றரி. அநேகமாக ஒழுகியிருக்கும். சுற்றியுள்ள செப்புக் கோடுகள் பச்சையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதைக் காப்பாற்ற நினைக்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒழுகியது காரம் என்பதால் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் இன்னொரு தடவை துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் யன்னலோரம் வைத்தாலே போதும். மார்கழி மழைக் காலத்தில் அவசரப்படாதீர்கள்.

உருளைக்குப் பதில் மணிக்கூடு படம் போட்ட கறுப்புக் கட்டி இருந்தால் அது டல்லாஸ் சிப். பற்றரி அதற்குள்ளேயே இருக்கிறது, ஒழுகாது. செத்துப்போயிருந்தால் நேரமும் பயோஸ் (பெட்டியைத் தொடக்கிவைக்கும் உள் நிரல்) அமைப்பும் நினைவில் நிற்காது, அவ்வளவுதான்.

எது பிறகு வந்தது?

சிப்களின் மேல் நாலு இலக்க எண் ஒன்று தேடுங்கள். 9432 என்றால் 1994ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். மதர்போர்டில் பல சிப்களைப் பார்த்து, அவற்றில் ஆகப் பிந்திய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்ட் அதற்குச் சற்றுப் பின்னர் செய்யப்பட்டது. பிறகு ஒவ்வொரு கார்டையும் அப்படியே பாருங்கள். போர்ட் 9432, சவுண்ட் கார்ட் 9710 என்றால் அந்தக் கார்டை யாரோ பிறகு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். எல்லா எண்ணும் தேதியல்ல. 7400 வரிசைச் சிப்களின் பெயரே நாலு இலக்கம்தான்.

கார்ட் சொருகும் ஸ்லொட்களில் கறுப்பு என்றால் ஐஎஸ்ஏ வகை, வெள்ளை என்றால் பிசிஐ வகை. கறுப்புக்கு நேர்க்கோட்டில் பழுப்பு நிறத்தில் இன்னொரு துண்டு நீண்டால் வீஸா லோக்கல் பஸ் என்ற இன்னொரு வகை, அது 1992இல் வந்தது. சவுண்ட் பிளாஸ்டர் சவுண்ட் கார்ட் இருந்தால் அதில் சிடி (CT) என்று தொடங்கும் எண் தேடுங்கள். சிடி3900 என்றால் ஏடபிள்யூஇ32 என்ற ரகம். அதில் ராம் சொருகும் இடம் 2 இருக்கும், அதையும் பாருங்கள்.

ராமில் 72 பின் (pin, இணைப்புக் கால்) துண்டு என்றால் 486க்கு ஒன்றே போதும். 30 பின் என்றால் நாலு நாலாகத்தான் போட வேண்டும். சிப் எண்ணின் கடைசியில் -7 அல்லது -70 இருந்தால் 70 நானோசெக்கன்.

சிபியு மேல் ஹீட்சிங்க் ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சிபியுவுக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில் இன்னொரு சிறிய போர்ட் தெரிந்தால் அது அப்கிரேட். 5 வோல்ட் போர்டில் குறைந்த வோல்ட் சிபியுவை ஓட்ட வைக்கும் சாமான் அது. அதை எடுத்துவிட்டு சிபியுவை நேரே சொருகினால் சிபியு எரியும்.

சிபியு வேகம் என்று முகப்பில் பளிச்சென்று எரியும் 66ஐ நம்ப வேண்டாம். அது எதையும் அளப்பதில்லை. பின்னால் இருக்கும் ஜம்பர்களை (கால்களை இணைக்கும் சிறு துண்டுகள்) மாற்றினால் 99 என்றும் காட்டும்.

கேஷ்: நான் நாள்கணக்கில் சுற்றிய இடம்

கேஷ் என்பது சிபியுவுக்கு அடிக்கடி தேவைப்படுவதை வைத்திருக்கும் சிறிய வேகமான நினைவகம். இது பெட்டியை ஓன் பண்ணிய பிறகு தெரியவந்தது: பயோஸ் திரை 256 கேபி கேஷ் என்கிறது. போர்டிலும் வரிசையாகச் சிப்கள் இருக்கின்றன. ஆனால் கேஷ்செக் என்ற டாஸ் நிரலை ஓட்டினால் இல்லை என்கிறது. முதலில் பயோஸ் அமைப்பில் எக்ஸ்டர்னல் கேஷ் ஓஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓனில் இருந்தும் இல்லையென்றால் சிப்களைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

உண்மையான கேஷ் பெரும்பாலும் சொக்கெட்டில் இருக்கும். எட்டுச் சிப், கூடவே கேஷில் எது இருக்கிறது என்று குறித்து வைக்கும் டாக் சிப் ஒன்று. மேலே 61256, 24257 போன்ற எண்கள். அதற்குப் பதில் ரைட் பேக் (write back) என்று மட்டும் எழுதி, போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் அது வெறும் பிளாஸ்டிக். 90களின் நடுவில் மலிவு போர்டுகளில் இப்படி வந்தது, பயோஸும் சேர்ந்து பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருந்தது. போர்டைத் திருப்பி அந்தக் கால்களிலிருந்து செப்புக் கோடு எங்காவது போகிறதா என்று பாருங்கள். என்னுடையதில் போகவில்லை.

கேஷ்செக் முடிவை வாசிப்பது லேசு. 8 கேபியில் வேகம் ஒரு படி இறங்கும், அது சிபியுவின் உள் கேஷ். சில சிபியுகளில் 16. அடுத்த படி 256இல் வந்தால் வெளிக் கேஷ் இருக்கிறது. முதல் படியோடு நேரே ராம் வேகத்துக்கு விழுந்தால் இல்லை.

இப்போது ஓன் பண்ணலாம்

முதலில் பெட்டிக்குள் பிரஷ் போடுங்கள். பவர் சப்ளை மூலையில் பல்லி முட்டை இருக்கும், எங்கள் ஊரில் அது நிச்சயம். பவர் சப்ளையிலிருந்து வரும் இரண்டு பிளக்குகளையும் சொருகும்போது கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும். மாறினால் போர்ட் போய்விடும்.

திரையில் எழுத்து வந்ததும் போஸ் (Pause) கீயை அழுத்தி நிறுத்திப் படம் எடுங்கள். கீழே வரும் நீண்ட வரிதான் முக்கியம். அவார்ட் நிறுவனத்தின் பயோஸ் என்றால் அதன் கடைசித் துண்டில் முதல் ஐந்து எழுத்து சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் முக்கிய சிப்கள்), அடுத்த இரண்டு போர்ட் செய்தவர். அதை வைத்து த ரெட்ரோ வெப் தளத்தில் தேடினால் ஜம்பர் விபரம் வரைக்கும் கிடைக்கும்.

டாஸ் 6 தொடங்கும்போது எஃப்5 அழுத்தி வெறும் டாஸுக்குள் போங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் எம்எஸ்டி (MSD) நிரல் அதிலேயே இருக்கிறது, ஆனால் சிபியு வேகத்தைச் சொல்லாது. நான் அதே வேலையைச் செய்யும் என்எஸ்எஸ்ஐ (NSSI) ஒன்றைத்தான் பாவிக்கிறேன். பிளொப்பியில் அடங்கும், கார்ட்களையும் ஓரளவு சரியாகப் பெயர் சொல்லும்.

பிற்சேர்க்கை: யூஎஸ்பி அடாப்டரில் பழைய ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிஸ்க் பழுதென்று எறிந்துவிடாதீர்கள். அந்த அடாப்டர்கள் அநேகமாக எல்பிஏ முறையை (டிஸ்க்கின் இடங்களை வரிசை எண்ணால் குறிப்பது) எதிர்பார்க்கின்றன, 90களின் தொடக்கத்து டிஸ்க் பலவற்றுக்கு அது தெரியாது. சிஎஃப் (கமராவில் போடும் கொம்பக்ட்ஃபிளாஷ்) கார்டை ஐடிஇ (பழைய டிஸ்க் வயர்) அடாப்டரில் போட்டு, அதே பெட்டியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டிக் கொப்பி எடுங்கள். அந்தக் காலத்துப் பயோஸ் பல 504 எம்பிக்கு மேல் பார்க்காது, ஆகவே பெரிய கார்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.