வெள்ளைத் துணியை நம்பாதீர்கள்: .22 ரைஃபிள் குழலில் கரி நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பழகிவிட்டு 50 மீட்டர் .22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளுக்கு மாறும் பிள்ளைகள் எங்கள் கிளப்புக்கு ஆண்டுதோறும் வருகிறார்கள். பாரிஸ் 2024இல் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் சுடக் கற்பதில் காட்டும் அக்கறையைக் குழலைப் பராமரிப்பதில் யாரும் காட்டுவதில்லை. ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது. ஃபெல்ட் உருண்டை இரண்டைத் தள்ளினால் வேலை முடிந்துவிடும். அதே பழக்கத்தோடு .22ஐத் தொடுகிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தோட்டா உள்ளே இல்லை என்று உறுதிசெய்வது போன்ற பாடங்களை முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துணி வெள்ளையாக வந்தால் சுத்தம் என்று நினைப்பது

.22 போட்டித் தோட்டாவின் குண்டு செம்புறை இல்லாத ஈயம். எடை 40 கிரெயின், அதாவது 2.6 கிராம், மேலே மெழுகுப் பூச்சு. ஒவ்வொரு முறை சுடும்போதும் எரிந்த மருந்தின் கரி, தோட்டா விளிம்பில் அடைத்திருக்கும் தீமூட்டி மருந்தின் கசடு, உருகிய மெழுகு, ஈயத் துகள் எல்லாம் சேர்ந்து உள்ளே படிகின்றன. பல தயாரிப்புகளில் அந்தத் தீமூட்டி மருந்தோடு பொடித்த கண்ணாடியும் கலந்திருக்கும். இந்தக் கலவை குழல் முழுக்கச் சீராகப் படிவதில்லை. தோட்டா உட்காரும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் சுருள் புரிகள் தொடங்குகிற இடத்தில், அதிலும் அடிப்பக்கத்தில், தடித்து வளையமாகிறது. அடுத்தடுத்த வெடிப்பின் சூடும் அழுத்தமும் அதை இறுக்கிக் கெட்டிப்படுத்திவிடுகின்றன.

நனைத்த துணித்துண்டைத் தள்ளினால் முதலாவது கறுப்பாக வரும், அடுத்தது சாம்பல் நிறத்தில், அதன் பிறகு வெள்ளையாக. உடனே "சுத்தமாகிவிட்டது சார்" என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள். துணி காட்டுவது கழன்று வந்ததை மட்டும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் துடைத்தாலும் துணி கறைபடாமல்தான் வரும். கரி பாத்திரத்திலேயே இருக்கும்.

குண்டு புரிக்குள் நுழையும் வாசலிலேயே ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தால், மென்மையான ஈயம் அங்கே சிராய்ந்து, சற்றே சாய்ந்து நுழைகிறது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். இதில் ஏமாற்றும் விஷயம், எல்லாக் குண்டும் விலகுவதில்லை என்பது. வரிசையாகப் பத்து விழுந்துகொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் காரணமின்றி எட்டுக்குப் போகும். சுடுபவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குவார்.

எங்கள் கிளப்பில் ஒரு பெண்ணுக்கு இதுதான் நேர்ந்தது. மூச்சைத் திருத்தினார்கள், விசை இழுப்பதைத் திருத்தினார்கள். பிறகு பழி தோட்டாவின் மேல் விழுந்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவானாலும் லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண், மாறினால் குழலுக்குக் குழல் வேறுவிதமாகச் சுடும் என்பது உண்மை. அதற்காகவே தோட்டா தயாரிக்கும் லாபுவா நிறுவனம் ஜெர்மனியின் ஷோனபெக்கில் ரைஃபிளைக் கவ்வியில் பொருத்திச் சோதிக்கும் கூடம் வைத்திருக்கிறது. ஆனால் வளையம் கட்டிய குழலில் லாட் சோதனை செய்தால், இன்றைய அழுக்குக்கு ஒத்துப்போகும் தோட்டாவைத்தான் கண்டுபிடிப்பீர்கள். வளையம் வளர வளர அந்த முடிவும் பொய்யாகும். அந்தக் குடும்பம் கடன் வாங்கி அந்த லாட்டிலேயே ஒரு பருவத்துக்கான தோட்டா வாங்கியது. சில வாரங்களில் அதுவும் சிதறியது. புதுக் குழல் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்த பிறகுதான் ஒருவர் போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். புரிகளில் தேய்மானமே இல்லை. அவற்றின் தொடக்கத்தில் மட்டும் கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு பட்டை. வளையத்தை எடுத்த பிறகு, கடன் வாங்கி வாங்கிய அந்தத் தோட்டா அந்தக் குழலுக்குப் பொருந்தவே இல்லை.

இன்னும் எனக்கு ஆறவில்லை. கைபேசியில் இணைத்துப் பார்க்கும் மலிவான கேமராக்கள் கடைகளில் கிடைக்கின்றன. கிளப்புக்கு ஒன்று இருந்தால் போதும். குண்டுகள் சிதறினால் முதலில் குழலைப் பாருங்கள். தோட்டாவையும் குழலையும் மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

வளையத்தை எடுக்கப் பொறுமைதான் வேண்டும். முதலில் ஈரத் துணியால் தளர்ந்த அழுக்கை வெளியேற்றுங்கள். கரிக்கென்றே விற்கும் திரவத்தை வெண்கல பிரஷ்ஷில் நனைத்து அந்த வாசலில் மட்டும் தடவி, புட்டியில் சொல்லியிருக்கும் நேரம் ஊறவிடுங்கள். பிறகு அதே பிரஷ்ஷை அறைக்கான குட்டைக் கம்பியில் மாட்டி, வலப்புறமாக மட்டும் திருகுங்கள். இடப்புறம் திருகினால் பிரஷ் கழன்று உள்ளேயே தங்கிவிடும். துடையுங்கள், கேமராவில் பாருங்கள், மீதமிருந்தால் மறுபடி ஊறவிடுங்கள். பழைய வளையம் ஒரே நாளில் போகாது. சுட்ட அன்றே, குழலில் சூடு இருக்கும்போதே செய்தால் கரி இளக்கமாக இருக்கும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் பாடு அதிகம்.

பொறுமையிழந்து தேய்க்கும் பசையை எடுப்பது

ஊறவைக்க மனமில்லாதவர்கள் தேய்க்கும் பசையைத் தடவி, கம்பியைக் கை டிரில்லில் மாட்டிச் சுழற்றுகிறார்கள். பசை கரியை மட்டும் தேடிப்போய்த் தேய்ப்பதில்லை. புரியின் தொடக்க முனைகளையும் மழுங்கடிக்கும். கரியை நாளைக்கும் எடுக்கலாம், தேய்ந்த எஃகை யாராலும் திருப்பி வைக்க முடியாது. பசை எப்போதுமே கூடாது என்று சொல்லமாட்டேன். கேமராவில் பார்த்து, கையால், அனுபவமுள்ளவர் செய்யட்டும். டிரில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

செம்புக்கான திரவத்தைக் கரிக்கு ஊற்றுவது

அமோனியா கலந்த திரவம் செம்புறைக் குண்டுகள் விடும் படிவுக்கானது. .22 போட்டித் தோட்டாவில் செம்புறை இல்லை, அமோனியா கரியை இளக்காது. வெண்கல பிரஷ்ஷோடு சேர்ந்தால் அந்த பிரஷ்ஷையே கரைத்துத் துணியை நீலமாக்கும். அதைப் பார்த்து இன்னும் அழுக்கு இருக்கிறது என்று மேலும் ஊற்றுகிறவர்கள் உண்டு.

இரும்பு பிரஷ்

வேண்டாம்.

குழல் வாய் வழியாகக் கம்பியை விடுவது

குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் இடம் குழல்வாயின் விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு சமமாகப் பிரியாமல் குண்டைத் தள்ளிவிடும். அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாக, வழிகாட்டிக் குழாய் வைத்து, ஒரே துண்டான கம்பியை விடுங்கள். முன்னால் நீட்டிப்புக் குழாய் இருந்தால் கழற்றிவிடுங்கள். பிரஷ் வெளியே வந்ததும் அதையும் கழற்றிய பிறகே கம்பியை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள்.

குழல்வாயை உயர்த்தி வைப்பது

திரவம் விசை அமைப்புக்குள் வடியும். குழல்வாய் தாழ்ந்திருக்கட்டும்.

போட்டிக்கு முந்தைய இரவில் சுத்தம் செய்வது

சுத்தமான குழலின் முதல் குண்டுகள் வழக்கமான இடத்தில் விழுவதில்லை. புதிய மெழுகும் கரியும் மெல்லியதாகப் படிந்த பிறகே குழல் நிலைக்கு வரும். சிலவற்றுக்குப் பத்துக் குண்டு போதும், சிலவற்றுக்கு அதற்கும் மேல் வேண்டும். உங்கள் குழலுக்கு எத்தனை என்று பயிற்சியிலேயே குறித்துவைத்து, அத்தனையையும் சுட்டு முடிக்க நாள் இருக்கும்படி சுத்தம் செய்யுங்கள். குழலிலும் அறையிலும் எண்ணெய் மிச்சமிருந்தால், சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள்.

சமையலறை மேசையில் வைத்துச் செய்வது

அந்தக் கறுப்புத் துணிகளில் ஈயம் இருக்கிறது. கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் சாப்பிடுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இந்த வேலையைக் கிளப்பிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.