தராவாவில் போன 90 ஆம்ட்ராக்குகள்: இழப்புக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

இரண்டாம் உலகப் போரில், 1943 நவம்பர் 20 முதல் 23 வரை, பசிபிக்கில் ஜப்பானியர் வசமிருந்த தராவாவின் பெத்தியோ தீவில் அமெரிக்கர்கள் நடத்திய தரையிறக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே எண்: நீரிலும் நிலத்திலும் ஓடி ஆட்களை ஏற்றிச் செல்லும் 125 ஆம்ட்ராக் வண்டிகளில் 90 போயின. எண் சரிதான். ஆனால் அதை மட்டும் வைத்துக் கட்டுரையோ வரைபடமோ போர் விளையாட்டோ தயாரித்தால், கரையை நெருங்கும்போதே பெரும்பாலானவை அழிந்தன என்ற தவறான எண்ணம் உருவாகும். நடந்தது அதுவல்ல. இழப்பை நேரம், இடம், காரணம் என்று பிரித்தால்தான் அது தெரியும்.

முதலில் தொடக்க எண்ணை உறுதி செய்யுங்கள். அமெரிக்க 2ஆம் மரைன் டிவிஷனிடம் பழைய எல்.வி.டி-1 வகையில் (எல்.வி.டி என்பது ஆம்ட்ராக்கின் ராணுவப் பெயர்) நூறு இருந்தன. முந்தைய குவாடல்கனால் தீவுப் போரில் உழைத்துத் தேய்ந்தவை போக, போருக்குத் தேறியவை 75. அவற்றோடு புதிய எல்.வி.டி-2 வகையில் 50. தேறாத 25ஐயும் சேர்த்துவிட்டால் விகிதம் முழுவதும் தவறிவிடும்.

அடுத்து, அலைவாரியாக, அதாவது கரைக்கு அடுத்தடுத்துப் புறப்பட்ட வண்டி வரிசைகளாகப் பிரியுங்கள். முதல் அலையில் 42 எல்.வி.டி-1, இரண்டாவதில் 24, மூன்றாவதில் 21, பின்னவை இரண்டும் எல்.வி.டி-2. மொத்தம் 87. மீதி 38ஐத் தனியாக வையுங்கள். அவை முதல் தாக்குதலில் சேராதவை.

இனி முக்கியமான கட்டம். போகும் பயணத்தையும் திரும்பும் பயணத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அந்த 87இல் கரைக்குப் போகும் வழியில் செயலிழந்தவை 8 மட்டுமே. பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆட்களை இறக்கிவிட்டு ஆழ்நீருக்குத் திரும்பியதும் மேலும் 15 மூழ்கின. காரணம் துளைகள். பவளத்திட்டின் ஆழமற்ற நீரில் சங்கிலித் தடத்தால் தரையில் ஊர்ந்து போகும்வரை துளை விழுந்த வண்டியும் ஓடும். மிதக்க வேண்டிய இடம் வந்ததும் நீர் புகுந்துவிடும். உள்ளே தேங்கும் நீரை இறைக்கும் பம்ப் எஞ்சினை நம்பியது. எரிபொருள் தீர்ந்தோ அடிபட்டோ எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ஓட்டுநர் அறையின் முன்புறம் சுமார் 9 மி.மீ. தகடு பொருத்தியிருந்தாலும், பக்கவாட்டு உடல் மெல்லிய இரும்புதான், 13 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிக் குண்டே அதைத் துளைக்கப் போதும். 90இல் இந்த 23ஐக் கழித்தால் வரும் 67, பிறகு நடந்த பயணங்களிலும் மற்ற வண்டிகளிலும் விழுந்தவை. விளையாட்டு வடிவமைப்பவர்கள் இழப்பு வாய்ப்பை முதல் பயணத்துக்குக் குறைவாகவும், திரும்பும் பயணத்துக்கும் அடுத்தடுத்த பயணங்களுக்கும் அதிகமாகவும் வைக்க வேண்டும்.

காரணப் பட்டியல் இது: அடிபட்டு ஆழ்நீரில் மூழ்கியவை 35, பவளத்திட்டின்மேல் சுடப்பட்டு முடங்கியவை 26, கரையில் குண்டு வீச்சில் நொறுங்கியவை 10, பெட்ரோல் தொட்டி பற்றி எரிந்தவை 9, இயந்திரக் கோளாறு 8, நீரடிக் கண்ணிவெடி 2. கூட்டினால் 90. இதில் ஒரு சிக்கல் உண்டு: சில பிரிவுகள் இடத்தைச் சொல்கின்றன, சில காரணத்தைச் சொல்கின்றன. எரிந்த 9 எங்கே எரிந்தன என்று பட்டியல் சொல்வதில்லை. எனவே ‘நீரிலும் திட்டிலும் 61’ என்று முடித்துவிடாமல் ‘குறைந்தது 61’ என்று எழுதுங்கள். அதேபோல், ‘இழப்பு’ என்றால் இங்கே பொருள், சண்டை முடிந்தபோது இயங்கும் நிலையில் எஞ்சிய 35இல் சேராதது. எல்லாமே உருத்தெரியாமல் அழிந்தன என்று கொள்ளக்கூடாது. 1944 செப்டம்பரில் பசிபிக்கின் இன்னொரு தீவான பெலெலியூவில் நடந்த தரையிறக்கத்தின் முதல் நாளில் அழிந்த ஆம்ட்ராக்குகளின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 26. சேதமடைந்தவற்றையும் சேர்த்த மதிப்பீடுகள் 60ஐத் தாண்டின. எந்த வரையறையில் எண்ணினார்கள் என்று பார்க்காமல் இரண்டு போர்களை ஒப்பிட வேண்டாம்.

தேதியையும் கவனியுங்கள். தராவாவில் 20ஆம் தேதி காலை என்றால் அமெரிக்காவில் அது இன்னும் 19. அங்கிருந்து வந்த செய்திக் குறிப்பையும் களத்தின் குறிப்பையும் சேர்க்கும்போது ஒரு நாள் பிசகும். முதல் வண்டி ‘ரெட் 1’ என்று பெயரிட்ட கடற்கரைப் பகுதியைத் தொட்டது உள்ளூர் நேரம் காலை 9:10க்கு.

ஆள் இழப்பைத் தனிக் கணக்காக வையுங்கள். 2ஆம் ஆம்ட்ராக் படையணியில் ஏறத்தாழ 500 பேரில் 323 பேர் மாண்டோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். தளபதி மேஜர் ஹென்றி டிரூஸ் முதல் நாளே மாண்டார். இது வண்டியை இயக்கியவர்களின் கணக்கு. உள்ளே ஏறி வந்த காலாட்படையினரை இதில் சேர்க்கக் கூடாது. பின்னால் சாதாரணப் படகுகளில் வந்தவர்களின் இழப்பையும் பக்கத்திலேயே குறியுங்கள். அந்தப் படகு மிதக்க மூன்றரை, நான்கு அடி நீர் வேண்டும். திட்டின்மேல் இருந்தது மூன்றடி அளவே. ஏற்றிச் செல்ல ஆம்ட்ராக் மிஞ்சாததால், அவர்கள் 500 கெஜத்துக்கு மேல் குண்டு மழைக்கு நடுவே நீரில் நடந்தே வந்தார்கள். அந்த மரணங்கள் வண்டிப் பட்டியலில் எங்கும் வராது.