பந்தை எங்கே வைப்பது என்று புல்லே சொல்லும்

கோல்ஃப் பயிற்சியில் தட்டையான உலோகத் தலை கொண்ட அயர்ன் மட்டையை எடுத்ததும், பந்தில்லாமல் நாலைந்து முறை வீசிப் பாருங்கள். புல் எங்கே பெயரத் தொடங்குகிறதோ, அந்த இடத்தில் பந்தை வையுங்கள்.

வலக்கைக்காரருக்கு வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளி ஏறக்குறைய இடது தோளுக்கு நேர் கீழே வரும். பந்து அதற்குச் சற்று வலப்பக்கம் இருந்தால், இறங்கும் மட்டை முதலில் பந்தைத் தொட்டு அப்புறம்தான் மண்ணைக் கீறும். பந்து ரொம்ப இடப்பக்கம் போய்விட்டால் முதலில் மண்தான் அடிபடும், தூரம் போச்சு.

ஒவ்வொரு வீச்சிலும் புல் வேறு வேறு இடத்தில் பெயர்ந்தால் பந்தை நகர்த்திப் பயனில்லை, வீச்சைத்தான் சரிசெய்ய வேண்டும். டீ எனும் சிறு முளை மேல் பந்தை வைத்து, நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையால் அடிப்பதற்கும், பங்கர் எனும் மணற்குழியில் அடிப்பதற்கும் இது பொருந்தாது. டிரைவர் மேலேறும்போதுதான் பந்தில் படவேண்டும்.