கால் எட்டவில்லையா? ஆஃப்ரோடு பைக்கை இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கின் சீட் உயரம் 825 மி.மீ. அதன் புரோ வகையில் 891 மி.மீ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் சீட்டைத் தாழ்ந்த நிலையில் மாட்டினால் 825, உயர்த்தி மாட்டினால் 845. ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒருவர் ஷோரூமில் இவற்றில் ஏறி உட்கார்ந்தால் கால்விரல்கள்தான் தரையில் படும். "அதனால் என்ன, இறக்கிக்கலாம்" என்று பக்கத்திலேயே யாராவது சொல்வார்கள். அடுத்த வாரம் பைக் பட்டறையில் நிற்கும். பின் ஷாக் அப்சார்பரைத் தளர்த்துவார்கள், சீட்டை அறுப்பார்கள், அந்த ஷாக்கோடு இணைந்த லிங்க் தட்டை மாற்றுவார்கள். ஒரு மாதத்தில் நல்ல பைக் ஒன்று கெட்டுப்போயிருக்கும்.

இந்தப் பைக்குகள் உயரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்பல்ஸ் 4வி-யில் முன் சக்கரம் 21 இஞ்ச், முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. வேலை செய்யும், பின்பக்கம் 170 மி.மீ., இன்ஜினுக்கு அடியில் 220 மி.மீ. இடைவெளி. கல்லின் மேல் ஏறி இறங்கும்போது நம் முதுகையும் இன்ஜினின் அடிப்பாகத்தையும் காப்பாற்றுவது இந்த உயரம்தான். ஆகவே எதைக் குறைத்தாலும் எதையோ விலையாகக் கொடுக்கிறோம். குறைந்த விலைக்கு அதிகம் கிடைக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். என் அனுபவத்தில் அந்த வரிசை இது: முதலில் உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங், அடுத்து சீட்டின் அகலம், அப்புறம் லீவர்களும் பெடல்களும், கடைசியாகத்தான் பைக்கின் உயரம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டும் என்ற பிடிவாதம்

மற்ற எல்லாத் தவறுகளும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. ஸ்கூட்டியிலும் கம்யூட்டர் பைக்கிலும் ஓட்டிப் பழகிய நமக்கு, நின்றால் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்பது உடம்பில் ஊறிய பழக்கம். ஆஃப்ரோடில் அது தேவையில்லை. ஒரு பாதத்தின் முன்பகுதி உறுதியாகத் தரையில் பதிந்தால் போதும். இடுப்பைச் சீட்டின் ஓரத்துக்கு நகர்த்தி இடது காலை இறக்குங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்த உடனே எவ்வளவு தூரம் கால் எட்டுகிறது என்று வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கால் விரல்நுனியில் தடுமாறி நிற்பதைவிட ஒரு கால் ஊன்றி நிற்பது நிச்சயம் பாதுகாப்பானது.

அதோடு, மோசமான பாதையில் பெரும்பாலும் கால் வைக்கும் ஃபுட்பெக் மேல் எழுந்து நின்றுதான் ஓட்டுவோம். அப்போது சீட் உயரம் கணக்கிலேயே வராது.

இன்னொரு விஷயம். சீட் உயரத்தை உங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள், காலின் உள்நீளத்தோடு ஒப்பிடுங்கள். சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பு வரை தரையிலிருந்து அளந்தால் அந்த நீளம் கிடைக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு நன்றாகவே வேறுபடும்.

பிரீலோடைத் தளர்த்தி பைக்கை இறக்குவது

பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கும் அழுத்தத்தைத் தளர்த்தினால் பைக் உட்காரும், உண்மைதான். ஸ்பேனர் ஒன்று போதும், செலவில்லை. அதனால்தான் எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆனால் பிரீலோட் என்பது உயரத்தைக் கூட்டிக் குறைக்க வைத்த திருகு அல்ல. ஆள் உட்கார்ந்தபோது சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்கி நிற்க வேண்டும் என்பதைச் சரிசெய்ய வைத்தது. இந்த இறக்கத்தை சேக் என்பார்கள். அட்வென்ச்சர் பைக்குகளில் மொத்தப் பயணத்தில், அதாவது சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில், சுமார் 30 சதவீதம் இறங்கினால் நல்லது. எக்ஸ்பல்ஸின் பின்பக்க 170 மி.மீ.க்கு அது ஏறக்குறைய 50 மி.மீ. ஹிமாலயன் 450-இன் 200 மி.மீ.க்கு 60.

அளப்பது எளிது, இரண்டு பேர் வேண்டும். பின் சக்கரம் தரையில் படாதபடி பைக்கைத் தூக்கி நிறுத்துங்கள். பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி வரை இஞ்ச் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பைக்கைத் தரையில் இறக்கி, ஆள் இல்லாமல் ஒருமுறை அளவெடுங்கள். கடைசியாக நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்து இன்னொருமுறை. முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஆளோடு உள்ள இறக்கம், இரண்டாவதைக் கழித்தால் பைக் தன் எடைக்கே இறங்கும் இறக்கம்.

உயரம் குறைந்தவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். உயரம் குறைந்தவர்கள் பலர் எடையும் குறைந்தவர்கள். கம்பெனி போட்டுத் தரும் ஸ்பிரிங் சராசரி எடையுள்ள ஒருவரையும் பின்னால் ஒரு ஆளையும் மனதில் வைத்துப் போட்டது. 52 கிலோ உள்ள ஒருவர் தனியாக உட்கார்ந்தால் அது போதிய அளவு இறங்காது. பைக் இருக்க வேண்டியதைவிட உயரமாகவே நிற்கும், கல்லில் பட்டால் உதைக்கும். அதாவது அவருடைய உயரப் பிரச்சினையில் ஒரு பகுதி உண்மையில் ஸ்பிரிங் பிரச்சினை. பிரீலோடை முழுக்கத் தளர்த்தி ஆளோடு 50 மி.மீ. இறக்கம் வந்தாலும், ஆள் இல்லாமலேயே பைக் 30 மி.மீ.க்கு மேல் இறங்கினால், ஸ்பிரிங் உங்களுக்கு மிகவும் கடினமானது என்று பொருள். பைக் தன் எடைக்கு இறங்குவது மொத்தப் பயணத்தில் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். அப்படிப்பட்டவர்களுக்கு மென்மையான ஸ்பிரிங் ஒன்றுதான் சரியான வழி. பைக் 10, 15 மி.மீ. தாழும், அதே நேரத்தில் முன்பைவிட நன்றாகவும் ஓடும். உயரத்தைக் குறைத்து ஓட்டத்தையும் மேம்படுத்தும் மாற்றம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எடை அதிகமுள்ளவர் பிரீலோடைத் தளர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். ஷாக் பாதி இறங்கிய நிலையிலேயே ஓடும், சின்னப் பள்ளத்திலும் அடிவாங்கும், பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் மணலில் முன் சக்கரம் சொன்ன பக்கம் திரும்பாது.

லோயரிங் லிங்க்கை மாட்டிவிட்டு மற்றதை மறப்பது

ஹிமாலயன் போல லிங்கேஜ் உள்ள பைக்குகளுக்கு நீளம் மாற்றிய லிங்க் தட்டுகள் கிடைக்கின்றன. மாட்டினால் பின்பக்கம் 25, 30 மி.மீ. இறங்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு இது தவறில்லை. அரைகுறையாகச் செய்வதுதான் தவறு.

பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன் ஃபோர்க் அதிகமாகச் சாய்கிறது, ஸ்டீயரிங் மந்தமாகிறது. அதற்கு ஈடாக ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப்புகளில் சற்று மேலே ஏற்ற வேண்டும். ஆனால் கண்மூடித்தனமாக ஏற்றக் கூடாது. ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது டயரோ மட்கார்டோ கீழ்க் கிளாம்ப்பில், ரேடியேட்டரில், ஹார்னில் இடிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பின் சக்கரத்திலும் அதே சோதனை. லிங்க் மாற்றினாலும் ஷாக் அமுங்கும் தூரம் குறைவதில்லை. சக்கரம் முன்பைவிட மேலே வந்து மட்கார்டின் உள்பக்கத்தைத் தேய்க்கலாம். வேகமாகப் போய்க் குதித்து இறங்கும்போது இது நடந்தால் சக்கரம் நின்றுவிடும் ஆபத்து உண்டு.

செயினையும் திரும்பப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கோணம் மாறியதால் பழைய செயின் லூஸ் கணக்கு செல்லாது. முன் ஸ்புராக்கெட், ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சான பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும். அந்த நிலையில் வைத்து, கொஞ்சமாவது தளர்வு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும்.

எல்லோரும் மறப்பது சைடு ஸ்டாண்டு. பைக் தாழ்ந்த பிறகு பழைய ஸ்டாண்டு நீளமாகிவிடும், பைக் கிட்டத்தட்ட நேராக நிற்கும். லேசான காற்றோ, பக்கத்தில் போகும் ஆளின் முழங்கையோ போதும், வலது பக்கம் சாய்ந்து விழும். இதை வெட்டிக் குறைக்கத்தான் வேண்டும். எவ்வளவு? முன்னும் பின்னும் 25 மி.மீ. இறக்கியிருந்தால் சுமார் 25. பின்பக்கம் மட்டும் இறக்கியிருந்தால் ஸ்டாண்டு இருக்கும் நடுப்பகுதி ஏறக்குறைய பாதிதான் இறங்கியிருக்கும், அதனால் 12 மி.மீ. சுற்றி. முதலில் குறைவாக வெட்டிப் பாருங்கள். இன்னொன்று, ஸ்டாண்டைக் கழற்றி வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பைக்கில் இருக்கும்போதே வெல்டு வைக்க விட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியு, சென்சார் எல்லாம் ஆபத்தில் இருக்கும். ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் உள்ள பைக்கில், திரும்ப மாட்டியதும் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

சீட்டைக் குடைந்து எடுப்பது

சீட் தைக்கிற கடைக்குப் போய் "ரெண்டு இஞ்ச் குறைச்சிடுங்க" என்று சொல்வது எளிது. அவர் நடுவில் பள்ளமாகக் குடைந்து தருவார். அதில் உட்கார்ந்தால் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்வோம். ஏற்றத்தில் முன்னால் நகரவும் இறக்கத்தில் பின்னால் போகவும் முடியாது. ஃபோம் மெலிந்தால் அரை மணி நேரத்தில் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு வலிக்க ஆரம்பிக்கும். சீட்டுக்கும் ஃபுட்பெக்குக்கும் இடையே தூரம் குறைவதால் முழங்கால் அதிகம் மடங்கி, ஒவ்வொரு முறை எழுந்து நிற்கும்போதும் தொடைக்கு வேலை கூடும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. சீட்டின் முன்பகுதியில், தொடை உரசும் இரண்டு பக்க விளிம்புகளை மட்டும் சரித்துச் செதுக்கச் சொல்லுங்கள். அகலமான சீட் காலை வெளிப்பக்கம் வளைத்துத்தான் தரைக்கு அனுப்புகிறது. விளிம்பு குறைந்தால் கால் நேராக இறங்கும். மேல்பக்கத்தைத் தொடாமலேயே நல்ல வித்தியாசம் தெரியும். அதுவும் போதாவிட்டால் மேலிருந்து 15, 20 மி.மீ. தட்டையாக எடுக்கலாம். அசல் சீட்டில் கைவைக்க வேண்டாம், இரண்டாவதாக ஒரு சீட் வாங்கி அதில் செய்யுங்கள்.

ஹிமாலயன் 450 வைத்திருப்பவர்கள் கத்தியை எடுப்பதற்கு முன்பு சீட் எந்த நிலையில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் கம்பெனியே தாழ்ந்த சீட் ஒன்று தருகிறது, 805 மி.மீ. வரை இறங்கும். வெட்டாமல் கொள்ளாமல் கிடைக்கும் வசதி.

லீவரையும் பெடலையும் அப்படியே விட்டுவிடுவது

உயரத்தைப் பற்றியே யோசித்து, கை எட்டுகிறதா என்று பார்க்கத் தவறுகிறார்கள். சிறிய உள்ளங்கை உள்ளவருக்கு கிளட்ச் லீவர் தூரமாக இருந்தால், ஏறும் இடத்தில் அரைக் கிளட்சில் கட்டுப்படுத்த முடியாமல் இன்ஜின் நின்றுவிடும். நின்ற இடத்தில்தான் கால் எட்டாமல் விழுவோம். விழுவதற்குக் கால் நீளத்தைக் குறை சொல்வோம், காரணம் கையில் இருந்திருக்கும். தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள லீவர்கள் கிடைக்கின்றன. ஒரு விரல், இரண்டு விரலால் பிடிக்க முடிகிறபடி வையுங்கள். எழுந்து நிற்கும்போது மணிக்கட்டு மடங்காதபடி லீவரைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்கள்.

ஹேண்டில்பாரை மடியை நோக்கி அதிகமாகச் சாய்ப்பதும் தவறு. உட்கார்ந்தால் வசதியாக இருக்கும், எழுந்து நின்றால் முழங்காலில் இடிக்கும், முன் சக்கரத்தின் மேல் எடையும் வராது. பாரை உயர்த்தும் ரைசர்களை உயரமானவர்களுக்குப் பார்த்து நீங்களும் போட வேண்டாம். நின்ற நிலையில் முழங்கை லேசாக மடிந்து வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஆஃப்ரோடு பூட்ஸ் போட்ட பிறகு கியர் லீவருக்கு அடியில் கால் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் லீவரைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் தண்டில் ஒரு பல் மேலே மாட்டினால் சரியாகிவிடும். பின் பிரேக் பெடலையும் அதே போல.

முன் சக்கரத்தை 21-லிருந்து சிறிதாக மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங் குணம் மாறும், ஏபிஎஸ் கணக்கு தடுமாறும், அடியில் கல் இடிக்கும். கால் எட்டுவதில் கிடைக்கும் லாபம் இதற்கு ஈடாகாது.

ஏறுவது, நிற்பது, சுமை

பூட்ஸுக்கே ஒரு பங்கு உண்டு. நல்ல ஆஃப்ரோடு பூட்ஸின் அடிப்பாகம் தடிமனானது, கணுக்காலைக் காக்கும், தரையையும் சற்று அருகில் கொண்டுவரும். செருப்பு போட்டுக்கொண்டு ஷோரூமில் கால் எட்டாததை வைத்துப் பைக்கை முடிவு செய்யாதீர்கள்.

நிற்கும் இடத்தை முன்கூட்டியே பார்ப்பது ஒரு பழக்கம். பாதையின் சாய்வில் மேட்டுப்பக்கம் கால் வருமாறு நில்லுங்கள். பக்கத்தில் கல், திட்டு இருந்தால் அங்கே நிறுத்துங்கள். இடது பக்கம் பள்ளமாக இருந்தால் வலது காலை ஊன்றி முன் பிரேக்கைப் பிடியுங்கள். பைக் ஒருமுறை எல்லை தாண்டிச் சாய்ந்துவிட்டால் காலைக் கொடுத்துத் தாங்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். 160 கிலோவை ஒரு முழங்கால் தாங்காது. இரும்புத் தண்டுள்ள ஹேண்ட்கார்டு இருந்தால் லீவர் பிழைத்துக்கொள்ளும்.

சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் இடது ஃபுட்பெக்கில் மிதித்து ஏறுவது பலருக்குப் பழக்கம். முழு எடையும் அந்த ஒற்றை ஸ்டாண்டில் இறங்கும். வெட்டி வெல்டு வைத்த ஸ்டாண்டு என்றால் முறியும் வாய்ப்பு கூடுதல். பைக்கைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்து, முழங்காலை மடித்துச் சீட்டுக்கு மேலாகக் கொண்டுபோங்கள். பின்சீட்டில் பையை உயரமாகக் கட்டியிருந்தால் இது முடியாது. அதனால் சுமையை இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டுங்கள், கனமான டூல்ஸையும் தண்ணீரையும் முடிந்தவரை முன்பக்கம் வையுங்கள். கட்டி முடித்ததும், புறப்படும் முன் சமதரையில் ஏறி இறங்கிப் பாருங்கள், சுமையோடு இறக்கத்தையும் மறுபடி அளந்து பிரீலோடைக் கூட்டிக்கொள்ளுங்கள்.